முப்பத்தெட்டாவது பொருள்

ஜூன் 6, வெள்ளி

இன்று காலை எங்கள் பள்ளியில் ஓர் எலும்புக்கூடு தலைமையாசிரியையாகப் பொறுப்பேற்றது. விலங்கியல் ஆய்வகத்தில் சும்மா தொங்கிக்கொண்டிருந்ததை எஸ்தர் டீச்சரின் நாற்காலியில் உட்கார வைத்து, தோளில் அவரது சால்வையைப் போர்த்தி, கழுத்தில் ஓர் அட்டை மாட்டினேன். ‘நூறு சதவீதத் தேர்ச்சி வரும்வரை உண்ணாவிரதம்.’

எஸ்தர் டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்தி அதை இருமலாக்கிக்கொண்டார்.

“நிறைமதின்னு பேரு. பாக்குற வேலையெல்லாம் அமாவாசை வேலை.”

“அமாவாசைக்கு லீவு உண்டா டீச்சர்?”

“உண்டு. அப்பா அம்மா ரெண்டு பேரும் வந்து கையெழுத்துப் போட்டுக் கூட்டிட்டுப் போகட்டும். ரெண்டு பேரும்!”

ரெண்டு பேரும் வந்தார்கள். அம்மா ரத்தப் பரிசோதனை நிலையத்திலிருந்து வெள்ளைக் கோட்டோடு. அப்பா திருநகர் டிராக்டர் ஷோரூமிலிருந்து சாவிக்கொத்தோடு. ஒன்றரை வருஷமாகத் தனித்தனி வீடு என்பதால் நடுவில் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டு உட்கார்ந்தார்கள். டீச்சர் என் குற்றப்பத்திரிகையை வாசித்தபோது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையைக் குனிந்தார்கள்.

அப்புறம் இரண்டாம் வகுப்பிலிருந்து தம்பி பரிதியையும் கூப்பிட்டுக்கொண்டு கேண்டீனில் முட்டை பப்ஸ். அம்மாவுக்கு மஞ்சள் கரு பிடிக்காது. எடுத்து ஓரமாக வைத்தாள். அப்பாவின் கை தானாகப் போய் அதை எடுத்துவிட்டது. வாயில் போட்ட பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது போலும். விக்கிக்கொண்டார்.

தண்டனை: இரண்டு நாள் வகுப்புக்கு வெளியே. வெளியே காற்று நன்றாக வருகிறது.

ஜூன் 14, சனி

பரிதியின் ஆதாரைப் புதுப்பிக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ் எங்கே என்று அம்மாவின் சூட்கேஸைக் கிண்டினேன். (எங்களிடம் பீரோ இல்லை. பீரோ அப்பா வீட்டில் இருக்கிறது. அது அம்மாவின் சீர்.) சான்றிதழுக்கு அடியில் பதினொரு பக்கக் காகிதம் இருந்தது. ‘குடும்ப நல நீதிமன்றம். பரஸ்பர சம்மத விவாகரத்து மனு.’ ஜனவரியிலேயே போட்டிருக்கிறார்கள்.

விவாகரத்து என்பது எனக்குத் தெரியும். நான் கொந்தளிப்பது அதற்கு இல்லை. ஒன்பதாவது பத்திக்கு:

‘மேற்படி தம்பதியருக்குப் பிறந்த மகள் 1வது மனுதாரரான தாயிடமும், மகன் 2வது மனுதாரரான தந்தையிடமும் இருந்து வருவதென்றும், ஜீவனாம்சம் கேட்டு ஒருவர் மீது ஒருவர் எக்காலத்திலும் வழக்குத் தொடருவதில்லை என்றும் சம்மதித்துள்ளனர்.’

யார் சம்மதித்தது? நானா? பரிதியா? ஆளுக்கு ஒன்று. கடைசித் துண்டு மைசூர்பாகைப் பிய்க்கும்போதுகூட எங்கள் வீட்டில் “யாருக்கு வேணும்?” என்று கேட்டுவிட்டுத்தான் பிய்ப்பார்கள்.

பத்தாவது பத்தி: ‘சீர்வரிசைப் பொருட்களின் விவரம் தனிப் பட்டியலாகப் பின்னர் தாக்கல் செய்யப்படும்.’ அண்டாவுக்குத் தனிப் பட்டியல். எங்களுக்கு ஒரு வாக்கியம். அதுவும் பாதி வாக்கியம்.

ஆதார் மையத்தில் கூட்டம். பரிதி கைரேகை வைக்கும்போது கூசுகிறது என்று சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

அம்மாவிடம் கேட்டேன். “இது பெரியவங்க விஷயம். நீ போய்க் கணக்கப் போடு” என்றாள். போட்டேன். இரண்டு பிள்ளைகள் வகுத்தல் இரண்டு பெற்றோர். மீதி பூஜ்யம். கணக்கு சரி. அதுதான் எரிச்சல்.

ஜூன் 17, செவ்வாய்

இன்று பரிதிக்கு ஷூ லேஸ் கட்டக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தேன். இரண்டு வருஷமாக நான்தான் கட்டிவிடுகிறேன். எனக்குக் குனியச் சோம்பலாக இருக்கிறது. வேறு காரணம் ஒன்றும் இல்லை.

ஜூன் 22, ஞாயிறு

தவமணி மாமா வந்தார், அம்மாவின் அண்ணன். பதினேழு வருஷத்துக்கு முந்தைய கல்யாண நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். அப்போது கொடுத்த சீர் எல்லாம் அவர் கையெழுத்தில் வரிசையாக இருக்கிறது. அப்பாவை போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டு ஒவ்வொன்றாக வாசித்தார். இரண்டு மணி நேரம்! நான் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டேன். கண் எரிந்தது வெங்காயத்தால்.

“பித்தளை அண்டா ரெண்டு.”

“ஒண்ணு ஓட்ட மச்சான்.”

“ஓட்டையோட குடுங்க. மிக்ஸி ஒண்ணு.”

“அது என் போனஸ்ல வாங்குனது. உங்க மிக்ஸி மூணாம் வருஷமே புகைஞ்சு போச்சு. உங்க தங்கச்சியக் கேளுங்க.”

அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு, “ஆமாண்ணே” என்றாள்.

“சரி, விட்டாச்சு. குத்துவெளக்கு ஜோடி ஒண்ணு.”

போனில் அப்பாவின் குரல் இறங்கியது. “மச்சான், வெளக்குல மட்டும் ஒண்ணு எங்கிட்ட இருக்கட்டுமே. தெனம் ஏத்திப் பழகிருச்சு. ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு எனக்கு.”

மாமா குதித்த குதியில் வெங்காயத் தோல் பறந்தது. “ஜோடி வெளக்கப் பிரிக்கிறதா? புத்தி கித்தி இருக்கா உங்களுக்கு? ஒத்த வெளக்கு ஏத்துனா அந்த வீடு உருப்படுமா? ஜோடியா வந்துச்சு, ஜோடியாத்தான் போகும்!”

பட்டியலில் ‘குத்துவிளக்கு – ஒரு ஜோடி. பிரிக்கக் கூடாது’ என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார்.

பக்கத்திலேயே நானும் பரிதியும் உட்கார்ந்திருந்தோம். எங்களைப் பார்த்தபடியேதான் கோடு போட்டார்.

ஜூன் 27, வெள்ளி

எல்லா வகுப்பறைப் பெயர்ப் பலகைகளையும் இடம் மாற்றினேன். கழிவறைக்கு ‘ஆசிரியர் ஓய்வறை’. ஓய்வறைக்கு ‘யு.கே.ஜி.’ கல்வி அலுவலகத்திலிருந்து வந்த ஒருவர் நேராக யு.கே.ஜி.யைப் பார்வையிடப் போய், தமிழய்யா குறட்டை விடுவதைப் பார்வையிட்டுவிட்டார்.

அப்பா, அம்மா, பரிதி, நான். முட்டை பப்ஸ். இந்த முறை நடுவில் காலி நாற்காலி இல்லை. கேண்டீனில் நாற்காலி பற்றாக்குறை, அவ்வளவுதான்.

ஜூலை 6, ஞாயிறு

சனி ஞாயிறு பரிதி அப்பா வீட்டுக்குப் போய்விட்டு வந்தான். எனக்குச் சிறப்பு வகுப்பு, நான் போகவில்லை. அவன் கையில் புதுப் பள்ளிப் பை.

“அப்பா சொன்னாரு, அடுத்த மாசத்துல இருந்து நான் அங்கதானாம். அங்கிட்டே ஒரு ஸ்கூலும் பாத்துட்டாராம். நீ எப்பக்கா வர்ற?”

“எனக்கு இங்க வேலை இருக்குடா.”

“என்ன வேல?”

பையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பையில் மூன்று ஜிப் இருக்கிறது. மட்டமான பை.

ஜூலை 12, சனி

வக்கீல் அலுவலகத்துக்கு அம்மாவோடு போனேன். ஜூஸ் கடைக்கு மேலே மாடி. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே வக்கீல், ருக்மாங்கதன். அவரை நான் இதுவரை பார்த்ததில்லை. எப்போதும் கோர்ட்டில் இருக்கிறார். கோர்ட்டில் கேட்டால் அலுவலகத்தில் இருப்பாராம். எல்லாம் குமாஸ்தா அங்குச்சாமி அண்ணன்தான். டைப் அடிக்கும் அக்காவுக்குச் சிக்குன்குனியா, பட்டியலை அடிக்க ஆள் இல்லை என்று தலையில் கை வைத்திருந்தார்.

“நான் அடிக்கிறேண்ணே. தமிழ்ல நிமிஷத்துக்கு முப்பது வார்த்தை.”

“அடி தங்கம்!” என்று நாற்காலியைத் துடைத்துக் கொடுத்தார். அம்மா டியூட்டிக்குப் போய்விட்டாள்.

அடித்துக்கொண்டே, யாருக்கோ கேட்பது போலக் கேட்டேன். “ஏண்ணே, புள்ளைங்க யார்கிட்ட இருக்கணும்னு புள்ளைங்ககிட்ட கேக்க மாட்டாங்களா?”

“நீதிபதி நெனச்சாக் கேப்பாங்க. வெவரம் தெரிஞ்ச புள்ளன்னா அது விருப்பத்தையும் பாப்பாங்க. ஆனா முடிவு விருப்பத்த வச்சு இல்ல பாப்பா, புள்ளையோட நலன வச்சு. அப்பனுக்கு உரிமை, ஆத்தாளுக்கு உரிமைங்கிறதெல்லாம் அதுக்குப் பின்னாடிதான்.”

“அப்ப ஏன் கேக்கல?”

“ரெண்டு பேரும் சம்மதிச்சு எழுதிக் குடுத்துட்டா அதத் தோண்ட யாருக்கு நேரம்? ஒரு நாளைக்கு அறுபது கேஸு கூப்புடுறாங்க.”

“ஜீவனாம்சம் கிடையாதுன்னு எழுதுனா, எனக்கும் கிடையாதா?”

“அம்மா தனக்கு வேணாம்னு எழுதலாம். புள்ளைக்கு வேணாம்னு எழுத அவுங்க யாரு? அது புள்ளையோட உரிமையாச்சே.” அப்புறம்தான் யாரிடம் பேசுகிறோம் என்று உறைத்தது அவருக்கு. குரலைத் தாழ்த்தினார். “ஆளுக்கு ஒண்ணுன்னு பிரிச்சுட்டா யாரும் யாருக்கும் குடுக்க வேணாம்ல? அதான் எங்காளு அப்படி எழுதிட்டாரு. எழுத லேசு.”

எழுத லேசு. ஆமாம். முப்பத்தேழு பொருளை நாற்பது நிமிஷத்தில் அடித்துவிட்டேன். மூன்றாம் பக்கத்தின் கடைசியில் இடம் மிச்சம் இருந்தது.

ஜூலை 13, ஞாயிறு

நேற்று மிச்சம் இருந்த இடத்தை வீணாக்கவில்லை.

ஜூலை 14, திங்கள்

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். வாங்கி வருவது என் பொறுப்பு. அங்குச்சாமி அண்ணனுக்கு என்மேல் அவ்வளவு நம்பிக்கை. எஸ்தர் டீச்சரை அவருக்குத் தெரியாது.

அம்மா, காலை ஆறரை மணி, வெறும் வயிற்று ரத்தம் எடுக்க ஓடும் அவசரம். இட்லி ஒரு கையில், பேனா ஒரு கையில். “அண்டா ரெண்டுன்னு போட்டியா?” முதல் பக்கத்தில் அண்டாவைத் தேடிப் பார்த்தாள். இரண்டு இருந்தது. மூன்று கையெழுத்து. மூன்றாவதில் சட்னி.

அப்பா, மாலை, ஷோரூம் வாசலில். காதுக்கும் தோளுக்கும் நடுவில் போன், டிராக்டர் மட்கார்டின் மேல் காகிதம். “அந்த மிக்ஸியச் சேக்கலையே?” மிக்ஸி வரும் பக்கத்தை மட்டும் விரலால் தடவிப் பார்த்தார். இல்லை. மூன்று கையெழுத்து.

அங்குச்சாமி அண்ணன் ஆறு கையெழுத்தையும் எண்ணினார். சரியாக ஆறு. முத்திரை குத்தினார்.

மூன்று பேரும் படித்தவர்கள். எனக்குப் பயமாகவும் இருக்கிறது, ஆத்திரமாகவும் இருக்கிறது. ஒரே ஒருவர் கடைசி வரி வரை வந்திருந்தால் நான் மாட்டியிருப்பேன். மாட்டியிருக்கலாம்.

ஜூலை 20, ஞாயிறு

பரிதி இடது கால் லேஸை அவனே கட்டிவிட்டான். முடிச்சு சரியில்லை என்று அவிழ்த்துவிட்டேன். முடிச்சு சரியாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 4, திங்கள்

இன்று இரண்டாம் விசாரணை. இன்றோடு தீர்ப்பு என்று சொல்லியிருந்தார்கள். நான் பள்ளியில் யாரையும் ஒன்றும் செய்யவில்லை. எஸ்தர் டீச்சர் கூப்பிட்டு நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், காய்ச்சலா என்று.

வீட்டுக்கு வந்தால் அம்மா கதவருகே நிற்கிறாள். கன்னத்தில் ஒன்று விழுந்தது. அதன் பிறகு அவள்தான் அழுதாள். விவரம் அங்குச்சாமி அண்ணன் போனில் சொன்னது. அவருக்கு வேலையே போயிருக்க வேண்டும், ஆனாலும் நடித்துக் காட்டாமல் அவரால் இருக்க முடியவில்லை.

“நீதிபதி அம்மா புதுசு பாப்பா, போன மாசம்தான் மாத்தலாகி வந்தாங்க. கடைசி வரி வரைக்கும் படிக்கிற ரகம். நமக்குத் தெரியாமப் போச்சு. பட்டியலப் பாத்துக்கிட்டே வர்றாங்க, திடீர்னு கண்ணாடியக் கழட்டுறாங்க, மறுபடி மாட்டுறாங்க. ‘முப்பத்தெட்டாவது பொருள் என்ன?’ங்கிறாங்க. எங்க வக்கீலு, ‘பாத்திர பண்டம்தாம்மா’ங்கிறாரு. ‘நீங்களே வாசிங்க’ன்னுட்டாங்க. மனுசன் நூறு பேரு முன்னாடி சத்தமா வாசிச்சுட்டாரு:

‘38. பிள்ளைகள் – ஒரு ஜோடி. பிரிக்கக் கூடாது.’

டவாலிகூட அடுத்த பேரக் கூப்புட மறந்துட்டாரு. ‘கீழ இருக்கிறது உங்க கையெழுத்தா?’ன்னு அப்பாவக் கேட்டாங்க. ஆமாங்கிறாரு. அம்மாவக் கேட்டாங்க. ஆமாங்கிறாங்க. ‘அப்ப இதுக்கும் சம்மதம், ஒன்பதாவது பத்திக்கும் சம்மதம். எது நெசம்?’ அப்பா அம்மாவப் பாக்குறாரு, அம்மா பட்டியலப் பாக்குறாங்க. ‘வெள்ளிக்கெழம புள்ளைங்களக் கூட்டிட்டு வாங்க’ன்னு முடிச்சுட்டாங்க.”

அம்மா முகத்தைக் கழுவிவிட்டு வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

“எங்கிட்ட ஒரு வார்த்த சண்ட போட்டிருக்கலாம்லடி.”

“போட்டேன். கணக்கப் போடுன்ன.”

“வழக்குன்னு போனா ரெண்டு பேரையும் அவரு வாங்கிருவாருன்னு மாமா சொன்னாரு. ஆம்பள, பெரிய சம்பளம், அவருக்குத்தான் குடுப்பாங்கன்னாரு. அதான், ஒண்ணாவது எங்கிட்ட மிஞ்சட்டும்னு...”

“அப்படிச் சட்டம் எங்கயும் இல்லம்மா. அங்குச்சாமி அண்ணன்கிட்டக் கேட்டேன். புள்ளைங்க நலன்தான் மொதல்ல.”

“எனக்கு யாருடி சொன்னா?” என்றாள்.

எட்டு மாதம் ஒரு தப்பான பயத்தைச் சுமந்திருக்கிறாள். மாமா சட்டம் படித்தவர் இல்லை. பம்புசெட் கடை வைத்திருப்பவர். அவர்மேல் எனக்கு வரும் கோபத்துக்கு இந்த நோட்டில் பக்கம் போதாது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

நீதிபதி அம்மாவின் அறைக்குள் முதலில் பரிதியை மட்டும் கூப்பிட்டார்கள். அப்புறம் என்னையும். அவன் நாற்காலியில் முட்டிபோட்டு உட்கார்ந்து சாக்லேட் தின்றுகொண்டிருந்தான். எல்லாவற்றையும் கொட்டிவிட்டான் என்று வாயோரம் பார்த்தாலே தெரிந்தது.

“உன் தம்பி ஒரு விஷயம் சொன்னான்” என்றார் நீதிபதி அம்மா. “நீ சேட்டை பண்ணுற அன்னிக்கு மட்டும்தான் அப்பா அம்மா ஸ்கூலுக்கு ஒண்ணா வருவாங்களாம். நாலு பேரும் பப்ஸ் சாப்பிடுவீங்களாம். ‘அதுக்குத்தான் அக்கா பண்ணுது’ங்கிறான்.”

“பொய்ம்மா. சேட்டை எனக்குப் பொழுதுபோக்கு.”

(இங்கேயும் எழுத்துமூலமாக மறுக்கிறேன். அவன் ஏழு வயதுப் பையன். அவனுக்கு என்ன தெரியும்?)

“பட்டியல்ல அந்த வரிய அடிச்சது?”

“நான்தான்.”

“கோர்ட்டுக்குக் குடுக்கிற காகிதத்துல அப்படிச் செய்யறது விளையாட்டு இல்ல. தெரியுமா?”

“தெரியும்மா. ஆனா விளையாட்டுக்குச் செய்யல.” அதற்குமேல் சொல்ல நான் அழகாக நான்கு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. அந்த அறையில் ஏ.சி. அதிகம். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “கேக்கவே இல்லம்மா யாரும்” என்றேன். அது தயார் செய்த நான்கில் இல்லை.

அவர் ஒரு வெள்ளைத்தாளை நகர்த்தினார். “மொதல்ல மன்னிப்புக் கடிதம் எழுது. எழுதிட்டு, இப்ப நான் கேக்குறேன், சொல்லு.”

எழுதினேன். சொன்னேன். நானும் பரிதியும் சேர்ந்தே இருக்க வேண்டும். எங்கே என்பது இரண்டாவது. பள்ளி மாற வேண்டாம். அப்பாவும் வேண்டும்.

பிறகு அப்பாவையும் அம்மாவையும் வக்கீலையும் உள்ளே கூப்பிட்டார்கள். ருக்மாங்கதன் சாரை முதல்முறையாக நேரில் பார்த்தேன். என்னை அவர் பார்த்த பார்வையை இங்கே எழுதினால் நோட்டு கருகிவிடும்.

“மகன உங்ககிட்டயே வச்சுக்கணும்னு ஏன் கேட்டீங்க?” என்று அப்பாவைக் கேட்டார் நீதிபதி அம்மா.

“நான் கேக்கலம்மா. ஆளுக்கு ஒண்ணுன்னா லேசா முடிஞ்சுரும்னு சொன்னாங்க. வீடு ரொம்ப...” அப்பா சாவிக்கொத்தைப் பார்த்தார். “வீடு சத்தமே இல்லாம இருக்கும்மா. சரின்னுட்டேன்.”

“முப்பத்தெட்டாவது வரிக்கு இப்ப ஆட்சேபனை உண்டா? இந்தத் தடவ படிச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க.”

காகிதத்தை அப்பாவிடம் நீட்டினார். ஒரு வரிதான். அப்பா ஒரு பக்கம் படிக்கும் நேரம் அதைப் படித்தார். “இல்லம்மா” என்றார். அம்மாவிடம் போனது. சட்னிக் கறையில் கட்டைவிரலை வைத்து மறைத்துக்கொண்டு, “இல்ல” என்றாள்.

ஒன்பதாவது பத்தியை அடித்துவிட்டு வக்கீல் கையாலேயே புதிதாக எழுத வைத்தார் நீதிபதி அம்மா. நாங்கள் இரண்டு பேரும் அம்மாவிடம். சனி ஞாயிறும் பாதி விடுமுறையும் இரண்டு பேரும் சேர்ந்தே அப்பாவிடம். படிப்பு, வைத்தியம் பற்றி முடிவெடுக்க அப்பா அம்மா இரண்டு பேர் சம்மதமும் வேண்டும். எங்கள் இரண்டு பேருக்கும் அப்பா மாதாமாதம் வங்கியில் பணம் போட வேண்டும். “இது மனைவிக்கு இல்ல, பிள்ளைகளுக்கு. சூழ்நிலை மாறுனா மறுபடி வந்து கேக்கலாம், கதவு மூடல” என்றார். முன்பு அரைவாக்கியமாக இருந்தது ஒரு பக்கத்துக்கு வந்தது. அண்டாவைவிட நீளம்!

இந்த முறை எல்லாரும் கடைசி வரி வரை படித்தார்கள். அரை மணி நேரம் ஆனது. அங்குச்சாமி அண்ணன் விரல் வைத்துப் படித்தார்.

விவாகரத்தும் கிடைத்துவிட்டது. எல்லாரும் “முடிஞ்சது” என்றார்கள், பல் பிடுங்கிய மாதிரி.

ஆகஸ்ட் 11, திங்கள்

பள்ளியில் அமைதி. எஸ்தர் டீச்சர், “என்ன, சரக்கு தீந்துருச்சா?” என்றார். ஓய்வு எடுக்கிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

சீர் திரும்பி வந்தது. மினி லாரியில் சாமான், முன்னால் அப்பா; பின்னால் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நானும் பரிதியும். அப்பா வீட்டில் எங்கள் சனி ஞாயிறு முறை முடிந்து அப்படியே வந்தோம். மாமா வாசலில் கோர்ட்டுப் பட்டியலும் பென்சிலுமாக நின்றார். கட்டில், டிக். பீரோ, டிக். அண்டா, ஓட்டை அண்டா, டிக் டிக். குத்துவிளக்கு ஜோடியை அப்பாவே இரண்டு கையில் இறக்கினார். சாம்பல் போட்டுப் பளபளவென்று தேய்த்துக் கொண்டுவந்திருந்தார். அம்மா வாங்கிக்கொண்டாள்.

முப்பத்தேழு முடிந்தது. மாமா பென்சிலைக் காதில் செருகினார்.

“மாமா! இன்னும் ஒண்ணு இருக்கு!” பரிதி லாரியிலிருந்து குதித்தான். ஷூ லேஸ் இரண்டும் அவிழ்ந்து தொங்கின. என் கையைப் பிடித்து இழுத்துப் படியில் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, விறைப்பாக நின்றான். “முப்பத்தெட்டு!”

மாமா அப்பாவைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், கடைசியில் பட்டியலைப் பார்த்தார். பென்சிலை எடுத்து என்னிடம் நீட்டினார். “நீயே போட்டுக்க. நீ அடிச்ச வரியிலதான் ஊரே சிரிக்குது.”

டிக் போட்டேன். அடியில் இரண்டு கோடும் போட்டேன்.

அப்பா காலி லாரியில் ஏறிக் கிளம்பினார். சனிக்கிழமை ஒன்பது மணிக்கு வருவதாகச் சொன்னார். நான் குனிந்து பரிதிக்கு லேஸ் கட்டிவிட்டேன். அவனுக்குக் கட்டத் தெரியும். அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒன்றை மட்டும் எழுதிவிட்டு மூடுகிறேன். அந்த மூன்றாம் பக்கத்தில் இன்னும் ஒரு வரிக்கு இடம் இருந்தது. அன்றைக்கு முப்பத்தொன்பது என்று போட்டு, ‘அப்பா, அம்மா – ஒரு ஜோடி’ என்பது வரை அடித்தேன். பிறகு ஒவ்வொரு எழுத்தாக அழித்துவிட்டேன். அதை மட்டும் அவர்கள் படித்துவிடுவார்கள்.